மரமும் கான்கிரீட்டும் சேர்ந்து சுமக்குமா?

கே: மரத்தையும் கான்கிரீட்டையும் சேர்த்துச் சாலைப்பாலம் கட்ட முடியுமா? (அறந்தாங்கி வாசகர்)

ப: கட்டியே இருக்கிறார்கள். பின்லாந்தில் 1999-இல் கட்டி முடித்த விகாந்தசால்மி பாலம் 182 மீட்டர் நீளம். அதன் தளம் இந்த வகைதான். பாரம் ஏறினால் பாலத்தின் மேல்பக்கம் நசுங்கும், அடிப்பக்கம் இழுபடும். நசுக்கலைக் கான்கிரீட் தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். மரம் நார்வாக்கில் இழுவையைத் தாங்கும். அதனால் மேலே சிலாப், கீழே மர உத்தரம்.

கே: பழைய மட்டப்பா வீடுகளில் கட்டைமேல் செங்கலும் சுண்ணாம்புக் காரையும் போட்டார்களே, அதேதானே?

ப: உறவு உண்டு, ஆனால் அது வேறு. ஒரு தடித்த நோட்டை வளைத்துப் பாருங்கள்: தாள்கள் வழுக்கி, ஓரம் படிக்கட்டாய் நிற்கும். சும்மா அடுக்கிய உத்தரமும் சிலாப்பும் அப்படித்தான் வழுக்கும். ஒரே கனமுள்ள இரண்டு பலகைகளை வழுக்கவிடாமல் ஒன்றாக்கினால், சும்மா அடுக்கியதைவிட நான்கு மடங்கு விறைப்பு வரும். அதற்காகத்தான் மரத்தில் காடி வெட்டிக் கான்கிரீட்டை உள்ளே இறக்குகிறார்கள், நீள ஸ்குரூ முடுக்குகிறார்கள். பிரேசிலில் கம்பிகளை எக்ஸ் வடிவில் பிசின் வைத்து மரத்தில் நடுகிறார்கள். இந்த வகைப் பாலத்துக்கு உயிர்நாடி அந்த இணைப்புதான்.

கே: பிரேசிலில் என்ன மரம்? (ஆலங்குடி வாசகி)

ப: நம் தைலமரத்தின் இனம்தான் அம்மா, யூகலிப்டஸ். மருந்தேற்றிய உருண்டைக் கட்டைகள். ஆனால் புதுக்கோட்டைத் தோப்புகளில் நிற்பது காகிதக்கூழுக்கு வளர்ப்பது. சில ஆண்டுகளிலேயே வெட்டிவிடுவதால் உத்தரத்துக்கு வேண்டிய தடிமன் வருவதில்லை. நிலத்தடி நீரைக் குடிக்கிறதென்று விவசாயிகள் அதை எதிர்த்துப் போராடியும் வருகிறார்கள். பாலத்தைக் காட்டி அந்தத் தோப்பைப் பெருக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கே: பனை?

ப: வேண்டாம். வெளிவட்டம்தான் வைரம், உள்ளே சோறு. பனை நிற்கட்டும்.

கே: ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் கரையானுக்கும் மரம் தாங்குமா?

ப: நனைவதும் காய்வதுமாய் மாறிமாறி இருப்பதுதான் மரத்தைத் தின்னும். ஈரம் 20 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே வீட்டு இறவாரம் போல சிலாப் இருபுறமும் உத்தரத்தைத் தாண்டி நீள வேண்டும். அதன் அடியில், விளிம்பை ஒட்டி, ஒரு காடி. மழைநீர் உள்ளே ஊராமல் அங்கேயே சொட்டிவிடும். உத்தர முனைக்குக் காற்றுப் புக வேண்டும், மண் முட்டவே கூடாது. கரையான் ஏறுவது அந்த வழியில்தான். வெள்ள மட்டத்துக்கு மேலே இடைவெளி விடாவிட்டால் அடித்து வரும் மரமும் புதரும் உத்தரத்தில் மோதும்.

கே: விதி உண்டா?

ப: நம் சாலைப்பால விதியான ஐ.ஆர்.சி. 22 இரும்பு உத்தரத்தோடு கான்கிரீட் சேர்வதற்கானது. மரத்தோடு கான்கிரீட் சேர்வதற்கு ஐரோப்பா 2021-இல் தனி விதி வெளியிட்டது. அதை நம் ஈரத்துக்கும் வெயிலுக்கும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கே: முதலில் எங்கே கட்டலாம்? வெள்ளாற்றிலா?

ப: இல்லை, வாய்க்காலைக் கடக்கும் கிராமச் சாலையில். ஆள் குனிந்து அடியில் போய், உத்தர முனையைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க இடம் இருக்க வேண்டும். கணீரென்றால் நல்லது. பொத்தென்றால் உள்ளே உளுத்துவிட்டது, அன்றே லாரியை நிறுத்துங்கள்.