அருவியும் அடைப்பும்

கேள்வி: ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் ரத்தக்குழாய் அடைப்பு கரையுமாமே?
– வாசகர், தென்காசி

பதில்: எண்ணெய்ப் பிசுக்கு போகும், அடைப்பு போகாது. அருவி அடிப்பது தோளில். அடைப்பு வளர்வது குழாய்ச் சுவருக்குள்! அங்கே புகுந்த கெட்ட கொழுப்பை விழுங்க வெள்ளையணுக்கள் ஓடி வருகின்றன. விழுங்கி விழுங்கி உப்பி, அங்கேயே மடிகின்றன. இந்தப் போராட்டம்தான் அழற்சி. அது முற்றினால் அடைப்பின் மேல்மூடி மெலிந்து கிழியும், ரத்தம் உறையும், மாரடைப்பு வரும். 2017-இல் வெளியான கான்டோஸ் ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு, கொழுப்பைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணித்த மருந்தே மறு மாரடைப்பைக் குறைத்தது.

புகை, கட்டுப்படாத சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றும் அழற்சியைத் தூண்டுபவை. ஆகவே சாரலில் ஆசை தீரக் குளியுங்கள். கரையேறியதும் நடுங்கும் கையால் பீடி பற்றவைக்காதீர்கள். நெஞ்சு வலித்தால் அருவிக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!