மெய்நிகர் நிலக் குத்தகையியல்: ஒட்டன்சத்திரத்து முறைப்படி ஓர் ஆராய்ச்சி

நிலம் என்பது யாது எனின், நடந்தால் செருப்பில் ஒட்டுவது என்க. ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் இந்த இலக்கணத்துக்கு நெடுங்காலம் பழுது வரவில்லை. கள்ளிமந்தையம், இடையகோட்டைப் பக்கத்து முருங்கைக் காட்டில் நாலு எட்டு வைத்துவிட்டுச் செருப்பைத் தட்டினால் போதும், சான்று உதிரும். ஆனால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செருப்பில் ஒட்டாத நிலம் ஒன்று உலகச் சந்தையில் விற்கிறது, வாடகைக்குப் போகிறது, கோர்ட்டுக்கும் போயிருக்கிறது. கணினித் திரைக்குள் கிடக்கும் இந்த நிலம் நஞ்சையா புஞ்சையா, இதற்குப் பட்டா உண்டா, கிஸ்தி யார் கட்டுவது என்று முறையாகக் கேட்ட நூல் எதுவும் என் கண்ணில் படவில்லை. எனவே கேட்க வேண்டியதாயிற்று.

அளவையிலிருந்து தொடங்குவோம். இவ்வூரில் சதுர மீட்டரில் பேசினால் டீக்கடையில்கூட மதிக்கமாட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூனில் திறந்த செகண்ட் லைஃப் உலகில் ஒரு வட்டாரம் என்பது 256 மீட்டருக்கு 256 மீட்டர். நம் கணக்கில் 16 ஏக்கர் 19 சென்ட். 2020இல் திறந்த டிசென்ட்ராலேண்டில் ஒரு மனை 16க்கு 16 மீட்டர், ஆறேகால் சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. சாண்ட்பாக்ஸ் என்ற உலகில் ஒரு மனை ஏறத்தாழ 2 ஏக்கர் 28 சென்ட். 2020 நவம்பரில் வந்த எர்த் 2 இன்னும் துணிந்தது. அது பூமியின் வரைபடத்தையே 10க்கு 10 மீட்டர் கட்டங்களாக நறுக்கி, கட்டம் ஒன்று 10 அமெரிக்க சென்ட் என்று விற்பனையைத் தொடங்கியது. பத்து சென்ட் காசுக்கு இரண்டரை சென்ட் நிலம்.

அந்த வரைபடத்தில் ஒட்டன்சத்திரமும் அடக்கம் என்பதைக் கவனிக்க. காய்கறி மார்க்கெட்டில் மண்டி வைத்திருப்பவருக்குத் தெரியாமலே, அவர் மண்டி நிற்கும் இடத்தைச் சிட்னியில் உட்கார்ந்து ஒருவர் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். வாங்கியவர் அங்கே ஒரு பெட்டி தக்காளிகூட இறக்க முடியாது என்பதும், கேரளத்துக்கு லோடு ஏற்றுபவர்கள் அவரிடம் வழி கேட்கப் போவதில்லை என்பதும் வேறு விஷயம்.

அடுத்தது நான்கெல்லை. இவ்வகையில் திரைநிலத்தைப் பாராட்டியே ஆக வேண்டும். டிசென்ட்ராலேண்டில் ஒவ்வொரு மனைக்கும் இரண்டு எண்கள். நடுவில் பூஜ்யம், நாலு பக்கமும் 150 வரை. ஆக 301க்கு 301, மொத்தம் 90,601 மனைகள். வரப்பை வெட்டி உள்ளே தள்ள முடியாது. சர்வேயருக்காகக் காத்திருக்க வேண்டாம். பங்காளித் தகராறுக்கு இடமே இல்லை. இதனாலேயே இது நிலமா என்று ஐயுறுவாரும் உளர்.

இனி வகைப்பாடு. நஞ்சை, புஞ்சை என்ற பாகுபாடு நீரால் வருவது. திரையில் நீர் எங்கும் உண்டு, யாருக்கும் பயனில்லை. ஆனால் பாகுபாடு மட்டும் அங்கேயும் முளைத்துவிட்டது. செகண்ட் லைஃபில் ஒரு வட்டாரத்தின் வளம், அது எத்தனை பொருள்களைத் தாங்கும் என்பதில் இருக்கிறது. 2008இல் முழு வட்டாரம் 15,000 உருப்படிகளைத் தாங்கியது. அதற்கு மாதம் 295 டாலர் கட்டணம். இது நஞ்சை. 3,750 உருப்படிகளை மட்டும் தாங்கும் திறந்தவெளி என்ற மலிவு வகைக்கு மாதம் 75 டாலர். இது புஞ்சை. கடலோ காடோ வைத்து அழகு பார்க்கத்தான் இந்தப் புஞ்சை என்பது கம்பெனியின் எண்ணம். மக்கள் வேறு எண்ணினார்கள். மலிவான புஞ்சையை வாங்கி, துண்டு போட்டு, வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள். புஞ்சையில் நெல் விளைந்ததைக் கண்ட கம்பெனி, அந்த ஆண்டு அக்டோபரில் கட்டணத்தை 125 டாலராக உயர்த்துவதாக அறிவித்தது. குடிகள் திரைக்குள்ளேயே கொடி பிடித்துப் போராடினார்கள். முடிவில் கம்பெனி இறங்கி வந்தது போல் வந்து, ஹோம்ஸ்டெட் என்று ஒரு நடுத்தரத்தைப் புதிதாக வகுத்து, பழைய மலிவு நிலத்தை 750 உருப்படிகளுக்குச் சுருக்கியது. தரம் பிரித்துத் தீர்வை போடும் இந்த வித்தை நம் செட்டில்மென்ட் அதிகாரிகளுக்கு எப்போதோ தெரியும்.

இங்கேதான் மூலக் கேள்வி: நிலம் யாருடையது? காசு கொடுத்து வாங்கியவர் தன்னை மிராசுதார் என்று நினைத்துக்கொள்கிறார். மாதாமாதம் கிஸ்தி கட்டுகிறார். கட்டத் தவறினால் நிலம் கம்பெனிக்குத் திரும்பிவிடும். தரம் மாற்றுவதும் தீர்வை ஏற்றுவதும் கம்பெனி. கம்பெனி கடையைக் கட்டினால் ஊரே இருக்காது. ஆகவே வாங்கியவர் உண்மையில் குத்தகைதாரர், அவரிடம் வாடகைக்கு வந்தவர் உள்குத்தகைதாரர் என்பது பெற்றாம். 1802இல் சென்னை மாகாணத்தில் வகுத்த ஜமீன் முறையின் படியெடுப்பு இது. நாம் அதை 1948இல் சட்டம் போட்டு ஒழித்தோம். அவர்கள் மென்பொருளில் மீட்டுவிட்டார்கள். ஒட்டன்சத்திரத்துக்கு அருகே இருக்கிறது விருப்பாட்சி. அவ்வூர்ப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து 1801இல் தூக்கில் மாண்டவர். நிலத்துக்கு மேலே கம்பெனி என்று ஒன்று உட்கார்ந்திருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

பென்சில்வேனியாவின் வழக்கறிஞர் மார்க் பிராக் யோசிக்கவில்லை. 2006இல், செகண்ட் லைஃபில் பொது ஏலத்துக்கு இன்னும் வராத ஒரு நிலத்தின் இணைய முகவரியைக் குறுக்கு வழியில் கண்டுபிடித்து, சுமார் 300 டாலருக்கு எடுத்தார். கம்பெனி அவர் கணக்கை முடக்கி, எல்லா நிலத்தையும் பறித்துக்கொண்டது. வழக்குப் போட்டார். பஞ்சாயத்துக்குத்தான் போக வேண்டும் என்ற கம்பெனியின் நிபந்தனை நியாயமற்றது என்று 2007இல் நீதிமன்றம் சொன்னது. பிறகு இரு தரப்பும் ராஜியாகிவிட்டன. திரைநிலத்தின் உரிமை யாருக்கு என்பதற்குத் தீர்ப்பு வராமலே கட்டு மூடப்பட்டது. நம் சிவில் கோர்ட்டாக இருந்திருந்தால் மூன்று தலைமுறையாவது நடத்தியிருப்பார்கள்.

இந்நிலத்தில் லாபம் கண்டவர் இல்லையோ எனின், உளர். சீனத்தில் பிறந்து ஜெர்மனியில் வாழ்ந்த ஐலின் கிரேஃப், செகண்ட் லைஃபில் ஆன்ஷே சுங் என்ற பெயரில் நிலத்தை மொத்தமாக வாங்கி, மேடு பள்ளம் திருத்தி, மரம் நட்டு, மனை பிரித்து விற்றார், வாடகைக்கும் விட்டார். 2006 மே மாதம் பிசினஸ்வீக் இதழ் அவருடைய திரை உருவத்தை அட்டையில் போட்டது. தன் திரைச் சொத்து பத்து லட்சம் டாலரைத் தாண்டியதாக அந்த ஆண்டே அவர் அறிவித்தார். அவர் செய்தது முழுக்க நம் மனை வியாபாரிகள் செய்வதே. மனை பார்க்க வேன் வைத்து அழைத்துப் போய் மதியச் சாப்பாடு போடும் செலவு மட்டும் அவருக்கு மிச்சம்.

திணை குறித்துச் சுருக்கமாக. முதற்பொருள் நிலமும் பொழுதும். செகண்ட் லைஃபில் வழக்கமாக ஒரு நாள் என்பது நாலு மணி நேரம். வேண்டுமானால் நிலத்துக்காரர் தன் எல்லைக்குள் எப்போதும் மாலையாகவே வைத்துக்கொள்ளலாம். உரிப்பொருள், விலை ஏறும் வரை இருத்தலும் ஏறாதவிடத்து இரங்கலும்.

இவ்வாராய்ச்சிக்கு வந்த ஒரே கடுமையான ஆட்சேபம் மார்க்கெட்டில் எழுந்தது. கோவையில் கணினி வேலை பார்க்கும் பையன் ஒருவன் தன் தாய்மாமனுக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தான்.

“போருக்கு எத்தனை அடியில தண்ணி கண்ணு?”

“தண்ணியே வேண்டாமுங்க மாமா.”

“ரோட்டு மேலயா, உள்ளயா?”

“ரோடே வேண்டாமுங்க. நெனச்ச எடத்துக்குப் பொத்துனு போயிரலாம்.”

“அப்பறம் எதுக்குடா ஒரு எடம் வெலை கூட, ஒரு எடம் வெலை கொறைவு?”

பையனிடம் பதில் இல்லை. உலகப் பொருளியலாளர்களிடமும் இதற்குத் தெளிவான பதில் உண்டா என்பது ஐயமே. 2021 டிசம்பரில் சாண்ட்பாக்ஸ் உலகில், ஸ்னூப் டாக் என்ற பாடகருக்குப் பக்கத்து மனை என்பதற்காகவே ஒருவர் சுமார் 4,50,000 டாலர் கொடுத்தார். பேஸ்புக் நிறுவனம் மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்ட சூட்டில் நடந்த வியாபாரம் அது. அடுத்த ஆண்டே அந்தச் சந்தை விழத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதற்கு விலை கொடுக்கும் வழக்கம் நம்மிடமும் உண்டுதான். ஆனால் நாம் கொடுத்த விலைக்குப் பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு தவணைத் தண்ணீராவது வாங்கிவிடுவோம்.

ஒரு நாள் விசேஷத்துக்கு மட்டும் திரைநிலத்தைப் பயன்படுத்துவது பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இதற்குச் சான்று கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரம். 2022 பிப்ரவரி 6 அன்று அவ்வூரில் திருமணம் முடித்த மணமக்கள், வரவேற்பை மெட்டாவெர்ஸ் எனப்படும் திரையுலகில் ஹாரி பாட்டர் பள்ளிக்கூடம் போன்ற அரங்கில் நடத்தினார்கள். பெண்ணின் காலமான தந்தையும் திரை உருவமாக வந்து வாழ்த்தினார். திரைநிலத்துக்கு நான் கண்டவற்றுள் மறுக்க முடியாத பயன் இது ஒன்றே. பந்தி மட்டும் அங்கே போட முடியாது.

கடைசியாக வரி. வாங்குவோர் இதை மட்டுமாவது படிக்கவும். 2022 ஏப்ரல் 1 முதல், என்எப்டி என்னும் மின்பத்திரமாக விற்கப்படும் இவ்வகை மனையில் வரும் லாபத்துக்கு வருமான வரி 30 விழுக்காடு. நட்டத்தை வேறு வருமானத்தில் கழிக்கவும் இயலாது. கைக்குத் தட்டுப்படும் பொருளின் உரிமை சட்டப்படி கூடவே கைமாறினால் அந்த என்எப்டிக்கு விலக்கு உண்டு என்று அரசு அவ்வாண்டு ஜூன் 30 அன்று அறிவித்தது. திரைநிலத்தில் கைக்கு எதுவும் தட்டுப்படாதாகையால் விலக்கில்லை. முருங்கைக் காட்டைக் குத்தகைக்கு விட்டு வரும் பணமோ விவசாய வருமானம். அதற்கு வருமான வரி கிடையாது. எனவே, காட்டை விற்றுத் திரையில் மனை வாங்கலாம் என்று எந்த மருமகப்பிள்ளை வந்து சொன்னாலும், மூலப்பத்திரத்தை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை வீட்டம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.