கடிகாரத் தர்மகர்த்தாவின் விண்ணப்பம்

சுவிட்சர்லாந்து தேசத்தில் ஜெனீவா தொடங்கி ஜூரா மலைச்சாரல் வரையில் பரவி, உலகத்தின் மணிக்கட்டுகளை அலங்கரித்துவரும் உயர்விலைக் கைக்கடிகாரக் கம்பெனிகளின் நிர்வாகஸ்தர்கள் சமூகத்திற்கு, தங்கள் வாடிக்கைக்காரர்களில் கடைத்தரத்தைச் சேர்ந்த ஒருவன் அநேக வந்தனங்களுடன் எழுதிக்கொண்ட விக்ஞாபனம்.

தங்களுள் ஒருவர் தயாரித்த கைக்கடிகாரம் ஒன்று என் வசம் இருந்துவருகிறது. அவர் பெயரைக் குறிப்பிட நான் விரும்பவில்லை. ஒருவரைக் குறிப்பிட்டால், அதே பெருமைக்கு உரிய மற்றவர்கள் விடுபட்டுப் போனதாக வருந்தக்கூடும். அக்கடிகாரம் சில காலமாகப் பின்தங்கத் தொடங்கியதன் பேரில், அதைத் தங்கள் அங்கீகாரம் பெற்ற சேவை நிலையத்தில் கொண்டுபோய்ச் சமர்ப்பித்தேன். அங்கே இருந்த கண்ணியமான இளைஞர், கடிகாரத்திற்கு என்ன உபத்திரவம் என்று கேட்பதற்கு முன்பாக அதன் யந்திரத்தின் எண் என்ன என்று கேட்டார். எண்ணோ யந்திரத்தின்மேல் பொறிக்கப்பட்டிருக்கிறது. யந்திரமோ மூடிக்குள் இருக்கிறது. மூடியை அந்நியர் எவரேனும் திறந்தால் உத்தரவாதம் செல்லாது என்று தாங்கள் கடிகாரத்துடன் தந்த கையேடே எச்சரிக்கிறது. சொந்தக்காரன் பார்க்கக் கூடாத எண்ணைச் சொந்தக்காரனிடமே விசாரிக்கும் இந்த நிர்வாக நுட்பத்தை வியந்துகொண்டு நான் நின்றிருக்க, அவர்களே திறந்து, எண்ணைக் கண்டு, பதிவேட்டுடன் ஒப்பிட்டு, பின்னொரு நாள் செலவு மதிப்பீடு ஒன்றை அனுப்பிவைத்தார்கள். அதில் கண்ட தொகையைக் கொண்டு, நேரம் தவறாத சாதாரணக் கடிகாரங்களை வாங்கி ஒரு கூட்டுக் குடும்பத்தின் அங்கத்தினர் அனைவர் கையிலும் கட்டிவிடலாம்.

எண் இடும் வழக்கத்தை நான் இகழ்வதாகத் தாங்கள் எண்ணலாகாது. அதன் வம்சாவளி மேன்மையானது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரில் தொழில் நடத்திய ஆபிரகாம்-லூயி ப்ரெகே என்ற மகாசிற்பி, தம் கடிகாரங்களுக்கு எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதிவைத்ததோடு, தம் பெயரால் போலிகள் பெருகியபோது, வெளிச்சம் சாய்வாக விழுந்தாலன்றிக் கண்ணுக்குப் புலனாகாத ரகசியக் கையொப்பத்தையும் முகப்பில் பொறித்தார். அவருடைய எண்களில் மிகப் பிரசித்தமானது 160. பிரெஞ்சு தேசத்து ராணி மேரி அந்த்வானெத்துக்கென்று 1783-இல் அதைச் செய்யச் சொன்னார்கள். ராணி 1793-இல் சிரச்சேதம் செய்யப்பட்டாள். ப்ரெகேயும் 1823-இல் காலமானார். கடிகாரமோ 1827-இல்தான் பூர்த்தியாயிற்று. ‘உதிரிபாகம் வரவேண்டும், சில மாதங்கள் செல்லும்’ என்று தங்கள் நிலையத்தார் என்னிடம் சொன்னபோது நான் முணுமுணுக்காமல் தலையசைத்ததற்கு இந்தச் சரித்திர ஞானமே காரணம். ராணிக்கே நாற்பத்து நான்கு ஆண்டுகள் என்றால், பிரஜை சில மாதங்களைப் பொறுத்துக்கொள்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஆனால், ப்ரெகேயின் எண்ணும் கையொப்பமும் வாங்கியவனை மோசடிக்காரனிடமிருந்து காப்பாற்றின. தங்கள் எண் யாரை யாரிடமிருந்து காப்பாற்றுகிறது என்பதுதான் என் சந்தேகம். ஒரு காலத்தில், எண்ணைப் பார்த்தே கடிகாரம் எந்த வருஷத்தில் பிறந்தது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். ரோலெக்ஸ் கம்பெனியார் 2010-ஐ ஒட்டி வரிசை முறையைக் கைவிட்டு, எழுத்தும் இலக்கமும் கலந்து எந்தக் கிரமமும் புலப்படாத எண்களை இடத் தொடங்கியபின், அந்த வயதும் கம்பெனியாருக்கு மட்டுமே தெரிந்த தேவரகசியம் ஆகிவிட்டது. பட்டேக் பிலிப் கம்பெனியார், யந்திர எண்ணையும் கூட்டின் எண்ணையும் சமர்ப்பித்துக் கட்டணமும் செலுத்தினால், அந்தக் கடிகாரம் செய்யப்பட்ட காலத்தையும் விற்பனையான தேதியையும் தங்கள் பழைய ஏடுகளிலிருந்து எடுத்தெழுதிக் கொடுக்கிறார்கள். என் கையில் இருக்கும் பொருளின் ஜாதகத்தை நான் விலை கொடுத்துப் பெறவேண்டும் என்ற இந்த ஏற்பாட்டில் வியாபாரத்தின் முதிர்ச்சி தெரிகிறது.

எண்ணுக்குப் பரீட்சை மண்டபத்திலும் ஓர் உத்தியோகம் உண்டு. 1973-இல் ஸ்தாபிதமான சுவிட்சர்லாந்து கிரோனோமீட்டர் சோதனை நிலையம், கூட்டில் இன்னும் பொருத்தப்படாத யந்திரத்தைப் பதினைந்து நாட்கள், ஐந்து நிலைகளில், 8, 23, 38 டிகிரி என மூன்று வெப்பங்களில் வைத்துச் சோதித்து, நாளொன்றுக்குச் சராசரியாக 4 விநாடி பின்தங்குவதற்கும் 6 விநாடி முந்துவதற்கும் இடைப்பட்டு நடந்தால் எண்ணைக் குறித்துச் சான்று அளிக்கிறது. நாளுக்கு 6 விநாடி முந்தினால் மாதத்தில் 3 நிமிஷம். 1969-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் தினத்தில் ஸெய்கோ கம்பெனியார் டோக்கியோவில் விற்பனைக்கு விட்ட குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் வழிவந்த எளிய ஜந்துக்கள், மாதத்திற்கே 15 விநாடிக்குமேல் பிசகுவது அபூர்வம். அவற்றுக்குப் பரீட்சையும் இல்லை, பட்டமும் இல்லை. துல்லியத்தை விட்டுக்கொடுத்துக் கௌரவத்தை விலைக்கு வாங்க முன்வந்தவன் நான். அதைப்பற்றி எனக்குப் புகார் இல்லை.

கூலியைப்பற்றியும் எனக்குப் புகார் இல்லை. மணிக்கு 28,800 துடிப்புத் துடிக்கும் யந்திரம் ஒரு வருஷத்தில் 25 கோடித் தடவைக்குமேல் துடிக்கிறது. கல் வைத்த துளைகளில் சுழலும் அச்சு முனைகளுக்கு இட்ட எண்ணெய் காலக்கிரமத்தில் உலர்கிறது. உலர்ந்தபின் ஓடினால் உலோகம் தேய்கிறது. ஆகவே யந்திரத்தை முழுவதும் பிரித்து, கழுவி, ஒவ்வோர் இடத்திற்கும் அதற்குரிய எண்ணெயை ஊசிமுனை அளவில் இட்டு, மெயின் ஸ்பிரிங்கையும் நீர் புகாமல் காக்கும் வளையங்களையும் மாற்றி, பல நிலைகளில் ஓட்டத்தைச் சோதித்து, நீர் அழுத்தத்திற்கும் ஈடுகொடுக்கிறதா என்று பார்த்துத் திருப்பித் தருபவனுடைய கண்ணுக்கும் கைக்கும் கூலி கொடுக்க மறுப்பவன் பாவி.

என் புகார், மதிப்பீட்டில் கூலிக்குக் கீழே தொடர்ந்த வரிகளைப்பற்றியது. கூட்டுக்கு மெருகு ஏற்றுதல், முட்களை மாற்றுதல், முகப்பை மாற்றுதல் என்று அவை ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுத்து நின்றன. முட்கள் நேராகத்தானே சுழல்கின்றன என்று கேட்டேன். நிறம் மங்கியிருக்கிறது என்றார்கள். மங்கிய நிறத்துக்காகவே பழைய கடிகாரத்தை அதிக விலை கொடுத்து வாங்குகிற ரசிகர்கள் உலகில் இருக்கிறார்களே என்றேன். ‘எங்கள் தர நிர்ணயத்துக்கு அது பொருந்தாது, சம்மதம் இல்லையெனில் பழுதுபாராமலே திருப்பித் தருவோம்’ என்று பதில் வந்தது. மாற்றிய பழைய பாகங்களையாவது கொடுங்கள் என்ற பிரார்த்தனையும் நிராகரிக்கப்பட்டது. இவ்விதம் இன்னும் இரண்டு மூன்று சேவைகளைக் கண்டால், முகப்பு வேறு, முட்கள் வேறு, கண்ணாடி வேறு, சக்கரங்களும் வேறு என்று ஆகி, பழையதாக எஞ்சி நிற்பது எண் பொறித்த தகடு ஒன்றே. மாறும் சரீரத்தினுள் மாறாதிருக்கும் ஆத்மாவைப்பற்றி வேதாந்திகள் விளக்கியபோது எனக்கு விளங்காதது, தங்கள் மதிப்பீட்டுத் தாளைப் படித்தபோது விளங்கிற்று.

பட்டணத்தில் வேறு பழுதுபார்ப்பவரே இல்லையா என்று தாங்கள் கேட்கலாம். இருக்கிறார். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, ஹேர்ஸ்பிரிங்கின் கோணலை மூச்சடக்கி நிமிர்த்தும் அந்தப் பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ‘வேலை என் கையில் இருக்கிறது ஸார், சாமான் அவர்கள் கையில் இருக்கிறது’ என்றார். தங்களில் பலர் அங்கீகாரம் இல்லாதவருக்கு உதிரிபாகம் விற்பதில்லை. தங்கள் தேசத்திலேயே 1966 முதல் உலகத்துக் கடிகாரத் தொழிலாளர்களுக்குப் பயிற்சி தந்துவரும் வோஸ்டெப் என்ற ஸ்தாபனத்தில் தேர்ச்சி பெற்றவர்கூட, சொந்தக் கடை வைத்த மாத்திரத்தில் அந்நியராகிவிடக் கூடும். இது குறித்து ஐரோப்பியப் பழுதுபார்ப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு 2004-இல் ஐரோப்பியக் கமிஷனிடம் முறையிட்டது. 2008-இல் கமிஷன் அதைத் தள்ளிவிட்டது. 2010-இல் ஐரோப்பிய யூனியனின் பொது நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. கமிஷன் மீண்டும் விசாரித்து 2014-இல் மீண்டும் தள்ளியது. 2017-இல் நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. போலிகளைத் தடுப்பதும் தரத்தைக் காப்பதுமே தங்கள் நோக்கம் என்பது தங்கள் கட்சி. சட்டத்தில் ஜயம் தங்களுடையதே; அதற்கு என் வாழ்த்துக்கள். போலி யந்திரத்தைத் தடுக்கப் புறப்பட்ட வேலி, அசல் யந்திரத்தின் அசல் பல்சக்கரத்தையும் அசல் தொழிலாளியிடமிருந்து தடுத்துவிட்டது என்பதை மட்டும், ஜயகோஷத்தின் நடுவே யாரேனும் தங்களுக்கு நினைவூட்டவேண்டும்.

நிற்க, தங்கள் வர்க்கத்தின் விளம்பரம் ஒன்றிலிருந்தே எனக்குப் பற்றுக்கோடு கிடைத்திருக்கிறது. 1996 முதல் பட்டேக் பிலிப் கம்பெனியார் செய்துவரும் விளம்பரத்தின் சாரம், கடிகாரத்தை வாங்கியவன் அதன் உடைமையாளன் அல்லன், அடுத்த தலைமுறைக்காக அதைப் பாதுகாப்பவனே என்பது. மிக உயர்ந்த தத்துவம். உடைமையாளன் அல்லாமல் பாதுகாப்பவனுக்கு எங்கள் பாஷையில் தர்மகர்த்தா என்று பெயர். தர்மகர்த்தா பராமரிப்புக்காகத் தன் கைப்பணத்தைச் செலவிட்டால், அதைச் சொத்திலிருந்து திரும்பப் பெறும் உரிமையை 1882-ஆம் வருஷத்து இந்திய டிரஸ்டுகள் சட்டத்தின் 32-ஆவது பிரிவு அவனுக்கு அளிக்கிறது. சொத்தோ கடிகாரம் ஒன்றே. அதை விற்றுத்தான் அதன் சேவைச் செலவை நான் ஈடு செய்துகொள்ளவேண்டும். விற்றபின் அடுத்த தலைமுறைக்கு எஞ்சுவது தங்கள் மதிப்பீட்டுத் தாள் மட்டுமே. இந்தத் தர்மசங்கடத்தைத் தீர்க்கும் பொருட்டுக் கீழ்க்கண்ட பிரார்த்தனைகளைச் சமர்ப்பிக்கிறேன்.

முதலாவது, தேர்ச்சிக்குச் சான்று காட்டும் எந்தத் தொழிலாளிக்கும் உதிரிபாகங்களை நியாய விலைக்கு விற்கவேண்டும். யார் வாங்கினார், எந்த எண்ணுள்ள கடிகாரத்திற்கு என்று பதிந்துகொள்ளுங்கள். எண் அதற்காவது பயன்படட்டும். இரண்டாவது, ஒவ்வோர் எண்ணுக்கும் தங்கள் பதிவேட்டில் உள்ள விவரம் முழுவதையும், உடையவன் கேட்டால் கட்டணமின்றி வழங்கவேண்டும். மூன்றாவது, யந்திரம் ஓடுவதற்கு அவசியமான வேலையையும் அழகுக்கான வேலையையும் மதிப்பீட்டில் வெவ்வேறாகக் காட்டி, பின்னதை வேண்டாமென்று சொல்ல இடம் வைத்து, கழற்றிய பாகங்களை உறையிலிட்டுத் திருப்பித் தரவேண்டும்.

இவற்றில் ஒன்றும் சாத்தியமில்லை என்று தாங்கள் தீர்மானிப்பீர்களாயின், விளம்பரத்தில் சொன்ன தத்துவத்தை ரசீதிலும் அனுஷ்டித்து, உடைமை யாருடையதோ அவர் பேருக்கே சேவைச் செலவை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். செலவு என்னுடையது என்றால், அதை யாரிடம், எந்த மட்டில் செய்வது என்ற தீர்மானமும் என்னுடையதாக இருப்பதே நியாயம்.

இங்ஙனம்,
தங்கள் விதேயன்,
செலவு மட்டும் சொந்தமான ஒரு தர்மகர்த்தா