பிரெஞ்சுக்காரன் விட்ட மூச்சு

புதுச்சேரியின் கோரிமேடு எல்லையில் போலீஸ்காரர் "ஊது" என்றால் சாராய வாசனைக்காக. அங்கேயே ஜிப்மர் மருத்துவமனைக்குள் "ஊது" என்றால் மூச்சின் அளவுக்காக. ஜிப்மர், 1823-ல் பிரெஞ்சுக்காரன் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசு.

நுரையீரலை அளக்கும் பைத்தியம் முதலில் முற்றியது லண்டனில். 1846-ல் ஜான் ஹட்சின்சன், தண்ணீரில் கவிழ்த்த வாளி மாதிரி ஒரு கருவியை வைத்துக்கொண்டு மாலுமி, மல்லன், போலீஸ், குள்ளர் என்று அகப்பட்ட 2,000 பேருக்கு மேல் ஊதவைத்தார். ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் கொத்திக்கொண்டு போகும் என்று கனவு. கடைசியில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி, 1861-ல் பிஜியில் மூச்சை விட்டார். மனிதர் மொத்தம் எவ்வளவு என்று பார்த்தாரே ஒழிய, எவ்வளவு சீக்கிரம் என்று பார்க்கவில்லை.

அதைப் பார்த்தவர் பாரிஸ்காரர் திஃபெனோ, 1947-ல். நெஞ்சு முட்ட இழு, ஒரே தம்மில் ஊது, முதல் நொடியில் வந்தது எவ்வளவு? நல்ல நுரையீரல் ஐந்தில் நாலு பங்கைத் தள்ளிவிடும். ஆஸ்துமாக்காரர் இழுத்துக்கொண்டே இருப்பார்.

இந்தச் சோதனையை அவர் தன் சர்க்காருக்கே வைத்துப் பார்த்திருக்கலாம். அதே 1947-ல் இங்கிலீஷ்காரன் ஒரே ஊதாக ஊதிவிட்டுக் கிளம்பினான். அந்த வேகத்தில் தேசம் இரண்டாகக் கிழிந்தது வேறு விஷயம். பிரெஞ்சுக்காரனோ 1950-ல் வங்கத்தில் தன் வசமிருந்த சந்திரநாகூரை இருமித் துப்பினான். 1954 அக்டோபர் 18, புதுச்சேரியின் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவுக்கு வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. அப்பாடா என்று பார்த்தால், சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16! எட்டு வருஷம் இழுத்தால், "விடுங்க, விடுங்க, இன்னும் விடுங்க" என்று கத்துகிற டெக்னீஷியனுக்குத் தொண்டை கட்டிப்போகாதா? கையில் இன்ஹேலரைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

எவ்வளவு முக்கி ஊதினாலும் சுமார் 1.2 லிட்டர் காற்று உள்ளேயே தங்கிவிடும். ஊதுகிற கருவிக்கு அது பிடிபடாது. ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்கவிட்டு, அது எவ்வளவு நீர்த்தது என்று கணக்குப் போட வேண்டும். அல்லது ஆளையே கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைக்க வேண்டும். புதுச்சேரியில் தங்கிய பிரெஞ்சு மிச்சத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். போலீஸ்காரர் தலையில் சிவப்புக் கெப்பித் தொப்பி, தெருமுனையில் தெருவை 'ரூ' என்னும் பலகை, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த 'சொல்தா' வீட்டில் பிரெஞ்சு பென்ஷன். பிரான்ஸ் அதிபர் தேர்தல் வந்தால் இங்கேயும் வாக்குச்சாவடி. வேட்டி கட்டிய பெரியவர் பாரிஸின் தலையெழுத்தை நிர்ணயித்துவிட்டு வந்து, டீக்கடையில் மசால்வடை தீர்ந்துபோனதற்குச் சண்டை போடுவார்.