பேராசிரியரை நிறுத்தி வைத்தவன்

படிக்காமல் இருப்பதற்கு எங்கள் காலத்தில் எத்தனை வசதிகள் இருந்தன! பஸ் வராது. பஸ் வந்தால் வாத்தியார் வரமாட்டார். இரண்டு பேரும் வந்தால் மழை வரும். தொழில்நுட்பம் அத்தனையையும் பிடுங்கிக்கொண்டுவிட்டது. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல் என்ற இணையவழிக் கல்வித் திட்டத்தின் வழியாக, என்னை வாசல் பக்கமே அண்டவிடாத ஐ.ஐ.டி.யின் பேராசிரியர்கள் இன்று என் கூடத்துக்கே வந்து பாடம் எடுக்கிறார்கள். அதுவும் இலவசமாக.

"பைதான்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி படிக்கப்போறேன்" என்று அறிவித்தேன்.

"முதல்ல கரண்ட் பில்லை ஆன்லைன்ல கட்டக் கத்துக்குங்க" என்றாள் மனைவி.

வீடியோ பாடத்தின் பெரிய சௌகரியம், வாத்தியாரை நாம் நிறுத்தலாம். பேராசிரியர் கையைத் தூக்கி, வாயைப் பாதி திறந்து, முக்கியமான எதையோ சொல்ல வரும்போது நிறுத்திவிட்டுக் காபிக்குப் போவேன். ஒருவர் வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கள் வரை அப்படியே நின்றார். "பாவங்க, வாயை மூடவாவது விடுங்க" என்று மனைவி சிபாரிசு செய்த பிறகுதான் விடுதலை. விட்டதைப் பிடிக்க ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டால், அதே மனிதர் ஆடித் தள்ளுபடி ஆட்டோ மைக் மாதிரி பொரிகிறார்.

வாராவாரம் வீட்டுப்பாடம் உண்டு. 12 வாரத்தில் சிறந்த 8 வாரங்களை மட்டும் கணக்கில் எடுத்து, அதற்கு 25 மதிப்பெண் தருவார்கள். மற்றவர்கள் இதைச் சலுகை என்று புரிந்துகொள்வார்கள். நான் 4 வாரம் லீவு என்று புரிந்துகொண்டு, அதைத் தொடக்கத்திலேயே எடுத்துத் தீர்த்தேன்.

பைதானுக்கு அறிவு மட்டும் போதாது. இடம் விட்டும் எழுத வேண்டும். 'இஃப்' போட்ட வரிக்கு அடுத்த வரியை உள்ளே தள்ளி எழுதாவிட்டால் ஓடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். மார்ஜின் விடாததற்குத் தலையில் குட்டிய கணக்கு வாத்தியாருக்கு என்ன தீர்க்கதரிசனம்! சந்தேகத்தைச் செயற்கை நுண்ணறிவிடம் கொண்டுபோனேன். "அருமையான கேள்வி!" என்றது. பிறந்ததிலிருந்து என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பூரிப்பில் பதிலைப் படிக்காமல் அதே கேள்வியை மறுபடி கேட்டேன். மறுபடியும் அருமை. வருங்கால வகுப்பறையில் எனக்குப் பயம் இந்தப் பொறுமைதான். எரிச்சல்படாத வாத்தியாரிடம் எனக்கு எதுவும் ஏறாது.

இணையத்தில் பாதி, நேரில் பாதி என்னும் கலப்புக் கற்றலின் மறுபாதி அங்கேதான் கைகொடுத்தது. பாடம் இலவசம் என்றாலும், சான்றிதழ் வேண்டுமானால் கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். 1,000 ரூபாய் கழிந்த குறுஞ்செய்தி மனைவியின் போனுக்குப் போனது. அன்றிலிருந்து அடுக்களையில் மிக்ஸி நிற்கும்போதெல்லாம் ஒரு குரல்: "ஏங்க, அவர் பேசற சத்தமே கேக்கலையே?"

தேர்வு மையத்தில் அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விட்டார்கள். கம்ப்யூட்டர்கள் முன் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் என் நரையைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். "உட்காருங்க, உட்காருங்க" என்று கையமர்த்திவிட்டு, யாரும் பார்க்காத சமயமாகப் பார்த்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.