பிரித்தது குற்றமா?

கேள்வி: மூன்று பனியன் கொண்ட பாக்கெட்டில் ஒன்று மட்டும் தையல் விட்டிருந்தால், 'பிரித்துவிட்டீர்கள், உள்ளாடையைத் திரும்ப எடுப்பதில்லை' என்கிறார்களே, சரியா?

பதில்: சரியே இல்லை. பிரிக்காமல் உள்ளே இருக்கும் தையலைப் பார்க்க ஞானக்கண்தான் வேண்டும். பிரித்ததையே குற்றமாக்கினால், பாக்கெட்டுக்குள் இருக்கும் எந்தக் குறைக்கும் யாரும் பொறுப்பில்லை என்றாகிவிடும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேராகவே சொல்கிறது: குறையுள்ள பொருளை ரசீதில் கண்ட கெடுவுக்குள், கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக முறை. உள்ளாடைக்கு அதில் விலக்கு கிடையாது. சுகாதாரம் என்ற வாதம் நியாயமானதுதான். ஆனால் அது அளவு சேரவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்று வருபவருக்குச் சொல்ல வேண்டிய பதில். கிழிசலாகவே வந்த பனியனை யாரும் மறுபடி விற்கப் போவதில்லை, விற்கவும் கூடாது. 'மற்ற இரண்டும் நன்றாகத்தானே இருக்கின்றன' என்பார்கள். பணம் மூன்றுக்கும் சேர்த்தல்லவா வாங்கினார்கள்! உடுத்திக் கிழித்துவிட்டுக் கொண்டுவருவோரும் உண்டு என்ற கடைக்காரரின் அச்சத்தை மதிக்கிறேன். அதனால்தான், துவைக்கும் முன்பே மூன்றையும் விரித்துப் பாருங்கள். ரசீதையும் உறையையும் பத்திரப்படுத்துங்கள். அப்படியும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணமே இல்லை.