2147483647: குலம், குணம், ஜாதகம் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்: இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. வயதும் தகுதியும் கருதி, இக்கட்டுரை அவரை ‘அவர்’ என்றே குறிக்கும்.

1. குலம்

31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் அவர் பிறப்பார். இவ்வகையில் பிறக்கும் பகா எண்கள் மெர்சென் வம்சத்தினர். கீழண்டை வீட்டு 2147483646 என்பவர், 2, 3, 7, 11, 31, 151, 331 என யார் வந்து வகுத்தாலும் மீதி வைக்காமல் கொடுப்பவர். மேலண்டை வீட்டு 2147483648 பாதி பாதியாகக் கொடுத்தே ஒன்றாகிப்போகக்கூடியவர். நடுவில் நம்மவர், ஒருவருக்கும் பங்கு தராதவர்.

இதை 1772இல் உறுதிசெய்தவர் ஆய்லர். பார்வை ஏறக்குறைய போய்விட்ட காலம் அது. ஆய்லரின் வாதம் சிக்கனமானது: நம்மவர் பகு எண்ணாக இருந்தால், மிகச் சிறிய பகாக் காரணி 46340ஐத் தாண்டாது, 248ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வந்தாக வேண்டும். இந்தச் சல்லடையில் தங்கிய எதனாலும் நம்மவரை வகுக்க முடியவில்லை.

2. மறுப்புரை

தன்னை விடச் சிறிய காரணிகளைக் கூட்டினால் தானே வரும் எண் நிறைவெண்; 6 = 1+2+3 போல. நம்மவரை வைத்து ஒரு பெரிய நிறைவெண் அமையும். அதைவிடப் பெரியதை இனி யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை, பயனில்லாததை யார் தேடுவார் என்றார் பீட்டர் பார்லோ, 1811இல். பயனில்லாததைத் தேட ஆள் பஞ்சமா? 1876இல் எத்வார் லூகா 39 இலக்கப் பகா எண்ணோடு வந்தார். அதோடு அதைவிடப் பெரிய நிறைவெண்ணும் வந்தது.

3. ஜாதகம்

இலக்கங்களின் கூட்டுத்தொகை 46, மீண்டும் கூட்டினால் 10, பிறகு 1. அதிபதி சூரியன், தலைமைப் பதவி நிச்சயம். பலன் பலித்தது: 32 பிட் கணக்கில், கூட்டல் கழித்தல் குறியுள்ள முழு எண்களில் உச்சம் அவரே. ஆனால் உச்சத்தில் இருப்பவரோடு ஒன்றைக் கூட்டினால் போதும், கணினி பெரும்பாலும் −2147483648 என்று காட்டிவிடும்.

1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை இந்த அளவில் எண்ணிவரும் கணினிகளுக்கு அந்த உச்சம் வரும் நேரம் 2038 ஜனவரி 19, செவ்வாய், இந்திய நேரப்படி காலை 8.44 தாண்டி ஏழாவது விநாடி. அடுத்த விநாடி, அவற்றுக்கு 1901 டிசம்பர். செவ்வாயன்று எமகண்டம் 9 மணிக்கு. ராகு காலம் பிற்பகல் 3க்கு. ஆகவே பஞ்சாங்கத்தின் மேல் பழி போட வழியில்லை.

4. முடிவு

வகுக்க வந்தவர் எவருக்கும் அசையாதவர், ஒன்றைக் கூட்ட வந்தவரிடம் கவிழ்கிறார். பதவி இப்போது 64 பிட் உச்சமான 9223372036854775807க்குப் போய்க்கொண்டிருக்கிறது. குலம் விசாரித்தோம்: பகா எண்ணே அல்ல, ஏழாலேயே இரண்டு முறை வகுபடுகிறவர். ஆனால் விநாடிக் கணக்கில் அவர் சுமார் 29,200 கோடி ஆண்டு தாக்குப்பிடிப்பார். நாற்காலிக்கு வம்சம் தேவையில்லை, இடவசதி போதும் என்பதே இவ்வாய்வின் துணிபு.